சோலைப்பாடி பாடாத வாய்

விராதிஜெயா குடும்பத்துப் பெண்களை ஏழு தலைமுறையாகத் தகப்பன்மார்தான் கைபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். டச்சுக்காரன் காலத்தில் ஒருவர் சிறையிலிருந்து விலங்கோடு வந்து கொடுத்துவிட்டு விலங்கோடு திரும்பிப் போனார். ஜப்பான்காரன் காலத்தில் இன்னொருவரைக் காய்ச்சலில் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மாப்பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு, மகளின் பெயரையும் மாப்பிள்ளை தரும் மஹரையும் சொல்லி, மணமுடித்துத் தந்தேன் என்று ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். அதே மூச்சுக் கணக்கில் மாப்பிள்ளையும் ஏற்றேன் என்று சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் சாட்சிகள் தலையாட்ட மாட்டார்கள், மறுபடி முதலிலிருந்து. விராதிஜெயாக்களில் இதுவரை எவரும் இரண்டாவது மூச்சு வாங்கியதில்லை.

ஆகவே, ஒரே மகள் இமாஸின் நிக்காஹுக்கு இருபது நாள் இருக்கையில் காஜி வந்து கேட்ட கேள்வி ராடன் விராதிஜெயாவுக்குப் புரியவில்லை.

"அபா, உங்க வாய்க்குச் சான்றிதழ் வாங்கிட்டீங்களா?"

சிஹாரும் ஊரே அவரை அபா என்றுதான் கூப்பிடும். அப்பா என்று அர்த்தம். பெயருக்கு முன்னால் வரும் ராடன் பரம்பரைப் பட்டம். வயது அறுபத்தேழு. தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்து, ஒருநாளும் முதுகை வளைக்காமல் ஓய்வு பெற்றவர்.

"எந்த வாய்க்கு?" என்றார்.

"உங்களுக்கு எத்தனை வாய் இருக்கு அபா? சோறு திங்கிறீங்களே, அதுக்குத்தான். வாய்மண ஒழுங்கு அலுவலகத்துச் சான்றிதழ் இல்லாத வாய் நிக்காஹ்ல பேசக் கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கு."

"நான் பேசாம யார் பேசுவா?"

காஜி தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "அலுவலகத் தலைவர் சஸ்த்ராநெகாரா பேசுவாரு. சான்றிதழ் இல்லாத வீட்டுல அரசாங்கமே தகப்பன்னு சட்டம். எட்டு மாசத்துல நானூத்திப் பன்னெண்டு பொண்ணுங்களை அவருதான் புடிச்சுக் குடுத்திருக்காரு."

"அவங்க அப்பன்மாரு?"

"பந்தல் வாசல்ல நின்னு, வர்றவங்க செருப்பை அடுக்கி வச்சாங்க."

சமையலறையிலிருந்து மனைவி எனோக் குரல் கொடுத்தாள். "போயி ஊதிட்டு வாங்க. முப்பது வருஷமா என் மூஞ்சியில ஊதுறீங்க, நான் செத்தா போயிட்டேன்?"

மறுநாள் அபா வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

வாய்மண ஒழுங்கு அலுவலகத்தில் எண்பத்தொரு ஊழியர்கள். 'வாய் திறந்தால் தேசம் மணக்கும்' என்று முகப்பில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நாற்றத்தை அளக்க வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரம் வரவழைத்திருந்தார்கள். அதன் மின்கம்பி முனை சிஹாருமின் எந்தச் சுவர்த் துளையிலும் பொருந்தாததால் அதற்குப் பட்டுத்துணி போர்த்தி, வெள்ளிக்கிழமைதோறும் பூ வைத்தார்கள். இயந்திரம் செய்ய வேண்டிய வேலையைத் தலைவர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சோலைப்பாடி செய்தது. கறுப்பு முதுகும் செம்பழுப்பு வயிறும் நீண்ட வாலும் உள்ள பாட்டுக் குருவி. கூண்டின் முன் நின்று ஊத வேண்டும். பாடினால் தேர்ச்சி. பாடாவிட்டால் நாற்றம். சோலைப்பாடிக்கு மூன்றாம் நிலை அதிகாரிப் பதவியும், வெயில்படாத அறையும், வருடம் பன்னிரண்டு நாள் விடுப்பும் உண்டு. ஊழியர்கள் அதைப் பறவை ஐயா என்று அழைத்தார்கள்.

ஆனால் ஊதுவதற்கு முன் கொப்பளிக்க வேண்டும். அதற்குத் தனிக் கூடம்.

கூடத்துக்குப் பொறுப்பாளன் சர்மிலி. ஆறடி உயரம், முழங்கால்வரை ரப்பர் காலணி, கையில் மூங்கில் தடி, சட்டைப்பையில் விதிப்புத்தகம். அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. விதியில் இருந்தால் அடிப்பான், இல்லாவிட்டால் அடிக்க மாட்டான். நல்லவேளையாக எல்லாமே விதியில் இருந்தது. மவுத்வாஷ் பீப்பாய்களில் நின்றது. நீல நிறம், கண்ணில் நீர் வரவழைக்கும் புதினா வாடை. ஆளைப் பலகையில் சாய்த்து, வாயில் புனல் வைத்து, இருநூறு எண்ணும்வரை ஊற்றினார்கள்.

அபாவுக்கு முன்னால் இருந்த எருமை வியாபாரி நூற்றுப்பத்தில் விழுங்கிவிட்டான். "அரசாங்கச் சொத்தைத் தின்னுட்டியா?" என்று சர்மிலி தடியால் அவன் வயிற்றில் மூன்று போட்டான். நீலம் திரும்பி வந்தது. அதை அளவுக் கிண்ணத்தில் பிடித்து, குறைந்த அளவுக்கு இன்னும் இரண்டு போட்டான். அடுத்து வந்த கிழவருக்குக் கடைவாயில் ஓட்டைப் பல் இருந்தது. குறடு வந்தது. கிழவர் கத்திய கத்தலில் முற்றத்து வாத்துகள் ஓடின. மேசைமேல் இருந்த எனாமல் தட்டில் பல் டணக்கென்று விழுந்தது. அங்கே ஏற்கனவே நிறையக் கிடந்தது.

"ஓட்டைப் பல்லு நாத்தம் குடியிருக்கிற வீடு தாத்தா. வீட்டை இடிச்சிட்டோம். சந்தோஷமா போங்க."

அபா நிமிர்ந்து நின்றார். "நான் ராடன் விராதிஜெயா."

"ராடனா இருந்தா என்ன, ரம்பமா இருந்தா என்ன? வாயைத் தொறங்க."

அபா திறக்கவில்லை. தம் வாயை இன்னொருவன் திறப்பது அவருக்குப் பழக்கமில்லை. விதி ஒன்பதின்படி முதலில் தோளில் அடித்தார்கள். பிறகு நான்கு பேர் பலகையில் தள்ளி, ஒருவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். புனலின் தகர விளிம்பு உதட்டைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. நீலத்தில் சிவப்பு கலந்து நாவல்பழ நிறத்தில் காதோரமாக ஒழுகியது. இருநூறு எண்ணினார்கள். நடுவில் சர்மிலிக்குத் தும்மல் வந்து கணக்குத் தவறியதால் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணினார்கள்.

தொப்பியைத் தேடிப் போட்டுக்கொண்டு அபா கூண்டின் முன் போய் நின்று ஊதினார். சோலைப்பாடி கண்ணை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தது. எழுத்தர் 'நாற்றம்' என்ற முத்திரையைக் குத்தினான்.

கூண்டருகில் வெள்ளை அங்கியில் ஒரு பெண் வெட்டுக்கிளிகளைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் யாத்தி. ஒரு கூட்டத்தில் வாய் திறந்த குற்றத்துக்காகப் பறவை ஐயாவுக்கு இரை வைக்கும் வேலைக்கு இறக்கப்பட்டவள். அபாவின் உதட்டுக்குப் பஞ்சு கொடுத்தாள்.

"என்னம்மா சொன்னே அந்தக் கூட்டத்துல?"

"ஒரு மூடி ஊத்திக்கணும், அரை நிமிஷம் கொப்பளிச்சுத் துப்பணும், பல்லையும் நாக்கையும் நல்லாத் தேய்க்கணும், அதுக்கப்புறமும் நாறினா பல் டாக்டரைப் பாக்கணும்னு சொன்னேன். அவ்வளவுதான் அபா. எண்பத்தொரு பேருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்டேன். அந்தக் கேள்விதான் தப்பாப் போச்சு." குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. இந்தக் குருவிக்கு அந்த நீலத் தண்ணி வாடையே ஆகாது. மூச்சுப் புடிச்சுக்கும். யார் ஊதினாலும் பாடாது. மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அதிகாரியைப் பத்தி அவதூறுன்னு சம்பளத்துல புடிச்சாங்க."

இரண்டாம் முறை போனபோது அபாவின் முன்பல் ஒன்று தட்டில் விழுந்தது. அதில் ஓட்டை இல்லை. ஆனால் பக்கத்துப் பல்லுக்கு இடம் கொடுத்திருக்கிறது என்று சர்மிலி விளக்கினான். மூன்றாம் முறை அந்தப் பக்கத்துப் பல்லும் விழுந்தது. மூன்று முறையும் சோலைப்பாடி வாயைத் திறக்கவில்லை.

மேல்முறையீட்டுக்காக அபாவைத் தலைவர் அறைக்கு அழைத்துப் போனார்கள். சஸ்த்ராநெகாரா பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்களும் பின்னால் இரண்டும் வைத்திருந்தார். மேசையில் வெள்ளிச் சிமிழில் மவுத்வாஷ். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினார்.

"எட்டு மாதங்களில் இந்த மாவட்டத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. இது எதைக் காட்டுகிறது? இந்த அலுவலகம் எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டுகிறது. முன்பு மக்கள் கண்ட இடத்தில் பேசினார்கள், சிரித்தார்கள், கேள்வி கேட்டார்கள். இன்று எங்கள் ஊழியர்களைக் கண்டால் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். சுத்தத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

"என் மகளை நான்தான் கைபிடிச்சுக் குடுக்கணும்," என்றார் அபா. இரண்டு பற்கள் போன இடைவெளியில் காற்று விசிலடித்தது. "எங்க வீட்டுல ஏழு தலைமுறை."

"எனக்குப் பிள்ளை இல்லை. அரசு எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு மகள்களைத் தந்தது. மருமகன்களின் பெயர்கள் எனக்கு நினைவில்லை. ஆனால் எந்த வீட்டில் என்ன கறி என்பது நன்றாக நினைவிருக்கிறது. எல்லா வீட்டிலும் முதல் தட்டு எனக்குத்தான். இது தியாகம். வயிறு கெட்டுப்போகிறது. ஆயினும் செய்கிறேன்." கொப்பளித்துத் துப்பினார். "உங்கள் வீட்டில் ஜெங்கோல் குழம்பு வைப்பீர்கள் என்று கேள்வி. அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சகிக்க முடியாத நாற்றம். வாத்து வறுவல் போதும்."

அடிபட்ட தோளைவிட அபாவுக்கு இது வலித்தது. ஜெங்கோல் இல்லாமல் விராதிஜெயா வீட்டில் கல்யாணம் நடந்ததில்லை. ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்குத் தட்டையான கொட்டை. நசுக்கி, இனிப்புச் சோயாச் சாறு ஊற்றி, அரைநாள் கொதிக்கவிட்டால் நாக்குக்குச் சொர்க்கம். மறுநாள் காலைவரை பக்கத்தில் நிற்பவனுக்கு நரகம். அதற்கென்றே ஏழு தலைமுறைச் செப்பு அண்டா இருந்தது. முதல் கொட்டையைக் குடும்பத் தலைவர் தின்று உப்புப் பார்த்த பிறகுதான் பந்தி.

"அண்டாவை இறக்கு," என்று வீட்டுக்கு வந்ததும் எனோக்கிடம் சொன்னார்.

"பல்லில்லாம எப்படித் திங்கப் போறீங்க?"

"ஈறால தின்னுவேன்."

நிக்காஹ் நாள் காலை பந்தல் நிறைந்திருந்தது. வாசலில் ஆளுயரப் பூப்பலகை ஒன்றை வண்டியில் கொண்டுவந்து நட்டார்கள். சாமந்திப் பூவால் எழுதியிருந்தது: 'மணமகளுக்கு வாழ்த்துகள். இப்படிக்குத் தகப்பன், வாய்மண ஒழுங்கு அலுவலகம்.' மாப்பிள்ளை குஸ்னாடி, மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவன், அதைப் படித்துவிட்டு மாமனாரைப் பார்க்க வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கொல்லையில் அபா அண்டாவிலிருந்து முதல் கொட்டையை எடுத்து வாயில் போட்டார். உப்புச் சரியாக இருந்தது. இரண்டாவதையும் போட்டுக்கொண்டபோது கொல்லைக் கதவு உடைந்தது.

சர்மிலி முன்னால் வந்தான். பின்னால் இருபது பேர், தடிகளோடும் புனல்களோடும். அதற்கும் பின்னால் வெல்வெட் போர்த்திய கூண்டு. கூண்டுக்கு இந்தப் பக்கம் தங்கச்சரிகைத் தொப்பியில் சஸ்த்ராநெகாரா, அந்தப் பக்கம் வெட்டுக்கிளிக் கிண்ணத்தோடு டாக்டர் யாத்தி.

"ஜெங்கோல். விதி இருபத்திரண்டு," என்று சொல்லி சர்மிலி அண்டாவைக் காலால் உதைத்தான்.

பாதிக் குழம்பு அடுப்பில் சரிந்து புகைந்தது. கொதிக்கும் சோயா எனோக்கின் தம்பி மூசானியின் காலில் கொட்டியது. மூசானி சந்தையில் எருமை வெட்டுகிறவன், சாந்தமான ஆள். கையிலிருந்த இரண்டு முழ இரும்பு அகப்பையால் பக்கத்தில் நின்ற ஊழியனின் தாடையில் ஒரே அடி அடித்தான். சத்தம் தேங்காய் உடைப்பது போல இருந்தது. அதன் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எழுத முடியாது. தடிகள் மண்டையில் இறங்கின. நாற்காலிகள் பறந்தன. வாத்து வறுவலோடு தட்டுகள் பறந்தன. குஸ்னாடி கல்யாண உடையோடு குதித்து ஒருவனின் காதைக் கடித்தான். கீழுதடு கிழிந்து எழுந்தான். பெண்கள் உலக்கை எடுத்தார்கள். எவனோ அரிவாளை உருவினான். பந்தல் கயிறு அறுந்து மேல்துணி எல்லார் மேலும் விழுந்தது. துணிக்கு உள்ளேயும் சண்டை நடந்தது. மேலே இரத்தம் பூப்பூவாக ஊறியது.

"எங்க அப்பா வாயில எவனாவது கை வச்சீங்க, கையை வெட்டிருவேன்!" என்று இமாஸ் மணப்பெண் கிரீடத்தோடு தடுமாறி ஓடி வந்தாள். ஒருவன் அவளைத் தள்ளினான். கிரீடம் உருண்டது.

அபா அதைப் பார்த்தார். தடியடிகளுக்கு நடுவே நேராக நடந்தார். இரண்டு பேர் அவரைப் பிடித்துக் கூண்டருகில் தரையில் அமுக்கினார்கள். முழங்கால் நெஞ்சில் ஏறியது. புனல் வந்தது. வெல்வெட் விலகி, சோலைப்பாடியின் முகமும் அபாவின் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. பறவைதான் அரசாங்கம் என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றியது.

"இது என் வீடுடா!" என்று ஜெங்கோல் நிறைந்த வாயால் அதன் முகத்தில் கத்தினார். "அவ என் மகடா!"

சோலைப்பாடி சிலிர்த்தது. எட்டு மாதமாகப் புதினா படாத மூச்சு அதன் மேல் பட்டதே இல்லை. வாலை உயர்த்தி, தொண்டையைத் திறந்து, பாடியது. ஏறி இறங்கி, வளைத்து நெளித்து, பக்கத்துத் தெருக் கூண்டுகளில் இருந்த குருவிகள் எல்லாம் பதில் பாடும்படி பாடியது.

ஓங்கிய தடிகள் அப்படியே நின்றன. சர்மிலி விதிப்புத்தகத்தை எடுத்து, விரலில் இருந்த இரத்தத்தால் பக்கம் புரட்டினான்.

"விதி பதினொண்ணு. பாடினா தேர்ச்சி. அபா பாஸ்." அபாவைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டான்.

"பறவை தவறிவிட்டது!" என்றார் சஸ்த்ராநெகாரா.

"அதிகாரி தவற மாட்டார்னு நீங்கதான ஐயா சுற்றறிக்கை விட்டீங்க?"

"முட்டாளே! தூய வாய்க்கு அது எப்படிப் பாடும் என்று இப்போது காட்டுகிறேன், பார்!" வெள்ளிச் சிமிழைத் திறந்து, கடகடவென்று கொப்பளித்துத் துப்பி, கூண்டின் கம்பியில் வாயை வைத்து நீளமாக ஊதினார்.

சோலைப்பாடி கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தது.

சர்மிலி இன்னொரு பக்கம் புரட்டினான். "விதி பதினாலு. பாடலைன்னா புனல்," என்று வருத்தத்தோடு சொன்னான். நான்கு பேர் வந்தார்கள்.

"டேய்! விடுங்கடா! நான்தாண்டா அந்த விதியை எழுதினேன்!" தலைவரின் மேடைமொழி தொப்பியோடு கீழே விழுந்தது.

"யாரா இருந்தா என்ன ஐயா? வாயைத் தொறங்க."

சஸ்த்ராநெகாராவுக்கு ஓட்டைப் பல் ஒன்றும், தங்கம் கட்டியது நான்கும் இருந்தன. எதில் நாற்றம் குடியிருக்கிறது என்று தெரியாததால் ஐந்தையும் எடுத்தார்கள்.

பந்தலின் ஒரு மூலையில் புனல் களகளவென்று ஒலிக்க, எண்ணிக்கை நூற்று நாற்பதைத் தாண்டிக்கொண்டிருக்க, மறுமூலையில் கிழிந்த துணிக்குக் கீழே காஜி சாட்சிகளைத் தேடிப்பிடித்து உட்கார வைத்தார். ஒருவருக்குத் தலையில் கட்டு, ஒருவருக்கு ஒரு கண் திறக்கவில்லை. அபா குஸ்னாடியின் கையைப் பற்றினார். இரண்டு கைகளும் ஒட்டின. இரண்டு பற்கள் இல்லாத வாயால், விசிலடித்தபடி, மகள் பெயரையும் மஹரையும் சொல்லி, மணமுடித்துத் தந்தேன் என்று முடித்தார். ஒரே மூச்சு. கிழிந்த உதட்டோடு மாப்பிள்ளையும் ஒரே மூச்சில் ஏற்றான். சாட்சிகள் வலியோடு தலையாட்டினார்கள்.

மீதி இருந்த குழம்பில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கொட்டை வந்தது. அடித்தவர்களும் தின்றார்கள், அடிவாங்கியவர்களும் தின்றார்கள்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அலுவலகம் மூளை உள்ள இடம். தற்காலிகத் தலைவராகச் சர்மிலி அமர்ந்தான். ஒன்பது பேர் கொண்ட குழு பறவை ஐயா பாடிய காரணத்தை ஆராய்ந்து, ஜெங்கோல்தான் வாயைச் சுத்தம் செய்கிறது என்று கண்டது. "இல்லைங்க, அதுக்குப் புதினா ஆகாது, அவ்வளவுதான்," என்றாள் டாக்டர் யாத்தி. அவளைக் கூண்டு கழுவ இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை புதுச் சுற்றறிக்கை வந்தது. ஊதுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஏழு கொட்டை தின்ன வேண்டும். வாயில் புதினா வாடை அடித்தால் பல்லைப் பிடுங்க வேண்டும். பீப்பாய்கள் போயின, புனல்கள் அப்படியே இருந்தன.

கொஞ்ச நேரம் அபாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குடும்பக் குழம்புக்கு அரசு மரியாதை. பிறகு, சந்தைக்குப் போகும் வழியில், கூடத்துக்குள்ளிருந்து எருமை வியாபாரியின் அலறலும், குழம்பு புனலில் இறங்கும் சத்தமும் கேட்டன. நின்று கேட்டார். வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் சர்மிலி வண்டியோடு நின்றான்.

"அபா, அந்தச் செப்பு அண்டா இனிமே மாவட்டச் சொத்து. உங்க பேரை அதுல பொறிக்கப் போறோம்."

அபா உள்ளே போய்க் கோடரியை எடுத்து வந்தார். ஏழு தலைமுறை அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு, ஒன்பது வெட்டு வெட்டினார். ஒன்பதாவதில் அது இரண்டாகப் பிளந்தது.

சர்மிலிக்கு இதற்கு என்ன விதி என்று தெரியவில்லை. ஆகவே கூண்டைக் கொண்டுவரச் சொன்னான். "ஊதுங்க அபா."

அபா வாயை மூடிக்கொண்டார். தோளில் அடித்தார்கள். விலாவில் அடித்தார்கள். மூக்கிலிருந்து இரத்தம் மீசையில் இறங்கியது. பல் பிடுங்கும் குறட்டை உதட்டுக்குள் நுழைக்கப் பார்த்தார்கள். நிக்காஹ் சொன்ன வாய் இனிமேல் ஒரு குருவிக்குப் பதில் சொல்லாது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தடி ஒன்று முறிந்தது. அன்றைய படிவத்தைக் காலியாக விடக் கூடாதென்பதால் எழுத்தர் 'மூச்சு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

மூச்சு இல்லாதவர்களின் பட்டியல் அன்று மாலையே பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டது. காலையில் வண்டி வந்தது. கல்யாணத்துக்குப் பூப்பலகை நட்ட அதே இடத்தில் இன்னொன்றை நட்டார்கள். வெள்ளைப் பூ. 'ராடன் விராதிஜெயாவின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். வாய்மண ஒழுங்கு அலுவலகம்.' நட்டவர்கள் அபாவுக்கே வணக்கம் சொல்லி, துக்கத்தோடு தலை குனிந்து போனார்கள்.

அபா அதை இரண்டு முறை படித்தார். பிழை இல்லை, பெயரில் ராடன் இருந்தது. பலகைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"பொணமே, சோறு ஆறுது," என்றாள் எனோக். "ரெண்டு கொட்டை வச்சிருக்கேன். தின்னுட்டு வாயைக் கொப்பளிங்க, ஒரு மூடி போதும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா."

அன்று தெருவில் வந்த ஊழியர்கள் அபாவின் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து தின்றார், ஏப்பம் விட்டார், போவோர் வருவோரிடம் சத்தமாகப் பேசினார். இறந்தவர் வாய்க்கு விதி இல்லை.

மறுநாள் விடிந்தபோது வாசலில் பதினேழு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எருமை வியாபாரி முன்னால் இருந்தான். வீங்கிய உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்:

"அபா, நீங்க எப்படிச் செத்தீங்க?"